விரைவு விமானிப் பயிற்சியில் பறப்பு நேரமும் பயிற்றுநர் நிலையும்: ஒரு வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: விமானிப் பயிற்சி, பறப்பு நேரம், பயிற்றுநர், காஸ்போர்ட் முறை, 1500 மணி நேர விதி

முன்னுரை

பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமர்வதற்கு முன் ஒருவர் எத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்னும் வினாவுக்கு நாடுகள் ஒரே விடையைத் தருவதில்லை. இந்தியாவில் வணிக விமானி உரிமத்திற்கு 200 மணி நேரப் பறப்பு போதும். அமெரிக்காவில் 2013 முதல் பொதுவாக 1500 மணி நேரம் தேவைப்படுகிறது. இந்த எண் எவ்வாறு உருவானது என்பதையும், விரைவுப் பயிற்சிப் பள்ளிகளின் அன்றாடத்தை, சிறப்பாகப் பயிற்றுநரின் நிலையை, அது எவ்வாறு வடிவமைத்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

போர்க்காலத் தொடக்கம்

குறுகிய காலத்தில் விமானிகளை உருவாக்கும் முறை போரின் தேவையால் பிறந்தது. முதல் உலகப்போரில் பிரித்தானியப் பயிற்சிப் பிரிவுகளில் போர்முனையில் களைத்துத் திரும்பியவர்களும், தாமே அண்மையில் பறக்கக் கற்றவர்களும் பயிற்றுநர்களாக இருந்தனர். எஞ்சின் இரைச்சலில் வானில் பேசவும் இயலவில்லை. 1917இல் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி இந்நிலையை மாற்றினார். மாணவரை விமானியின் இருக்கையில் அமர்த்தினார். பேச்சுக்குழாயின் வழியே அறிவுரை வழங்கச் செய்தார். விமானம் சுழன்று வீழும் நிலையைத் தவிர்க்காமல், அதனை வேண்டுமென்றே உண்டாக்கி மீளக் கற்பித்தார். இவற்றினும் முதன்மையானது, பயிற்றுநர்களைப் பயிற்றுவிப்பதற்கெனவே அவரது பள்ளி இயங்கியதாகும். பறக்கத் தெரிவது வேறு, பறக்கக் கற்பிப்பது வேறு என்னும் தெளிவு அங்கு நிறுவன வடிவம் பெற்றது.

1939 டிசம்பர் 17இல் கையெழுத்தான பிரித்தானியப் பொதுநலநாடுகளின் விமானப் பயிற்சித் திட்டம், கனடாவில் 131,553 விமானப் பணியாளர்களை உருவாக்கியது. அதன் தொடக்கநிலைப் பள்ளிகளில் மாணவரின் நாள் இரண்டாகப் பகுக்கப்பட்டது. ஒரு பாதி வகுப்பறைக்கு, மறுபாதி டைகர் மாத் போன்ற சிறு விமானத்திற்கு. ஏறத்தாழ எட்டு வாரங்களில் ஐம்பது மணி நேரப் பறப்பு நிறைவுற்றது. கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்கப் பழக, இசைக்கருவித் தொழிலில் வளர்ந்த எட்வின் லிங்க் காற்றுத் துருத்திகளைக் கொண்டு அமைத்த பாவனைப்பொறி பயன்பட்டது. சிறப்பாகத் தேறியவர் பலர் போர்முனைக்கு அனுப்பப்படாமல் பயிற்றுநர்களாக நிறுத்தப்பட்டனர் என்பது இங்குச் சுட்டத்தக்கது. பலருக்கு அது ஏமாற்றமே. எனினும், மாணவர்க்குக் கிடைத்தவர் அணியில் தேர்ந்தவராக இருந்தார்.

1500 என்னும் எண்

போருக்குப் பின் விமான நிறுவனங்களுக்குப் படையிலிருந்து விலகிய விமானிகள் போதுமான அளவில் கிடைத்தனர். அந்த ஊற்று வற்றத் தொடங்கியபோது ஐரோப்பிய நிறுவனங்கள் தாமே பள்ளிகளை அமைத்தன. லுஃப்தான்சாவின் ப்ரேமன் பள்ளி 1956இலும், பிரித்தானிய நிறுவனங்களின் ஹாம்பிள் கல்லூரி 1960இலும் தோன்றின. அமெரிக்காவிலோ பயிற்சிச் செலவு பெரும்பாலும் மாணவரின் கடனாகவே நின்றது.

2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோ நகருக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் வீழ்ந்து 50 பேர் உயிரிழந்தனர். வேகம் குறைந்து ஏற்றுவிசை இழக்கும் எச்சரிக்கை எழுந்தபோது, முகப்பைத் தாழ்த்த வேண்டிய தலைமை விமானி அதனை உயர்த்தினார் என்று விசாரணை கண்டது. உயிரிழந்தோர் குடும்பத்தினரின் இடையறாத முயற்சியால் 2010இல் சட்டம் இயற்றப்பட்டது. 1500 மணி நேர விதி 2013இல் நடைமுறைக்கு வந்தது. அவ்விமானத்தின் விமானிகள் இருவருமே 1500 மணி நேரத்திற்கு மேல் பறந்தவர்கள். எனவே விபத்து வெளிப்படுத்திய குறைக்கும் சட்டம் தேர்ந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை எனலாம். களைப்பு, ஓய்வு, பயிற்சியின் தரம் ஆகியவை குறித்து அதே சட்டம் தூண்டிய மாற்றங்களே விபத்தின் காரணங்களுக்கு நெருக்கமானவை. ஆயினும் பொதுவிவாதத்தில் நிலைத்தது எண்தான், எண்ணுவது எளிது.

பள்ளியின் ஒரு நாள்

இன்றைய அமெரிக்க விரைவுப் பள்ளியில் நாள் வானிலை அறிக்கையுடன் தொடங்குகிறது. அரிசோனாவில் வெப்பம் ஏறுமுன், ஃபுளோரிடாவில் பிற்பகல் இடிமழை திரளுமுன் பறந்தாக வேண்டும் என்பதால் விடியற்காலைப் பொழுதுக்கே போட்டி மிகுதி. மாணவர் செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தைச் சுற்றிவந்து, இறக்கைத் தொட்டியிலிருந்து சிறிது எரிபொருளை வடித்து நீர் கலந்துள்ளதா என்று பார்க்கிறார். எண்ணெய் அளவைச் சரிபார்க்கிறார். அதன்பின் ஒன்றிரண்டு மணி நேரப் பறப்பு, அதன் குறைநிறை குறித்த உரையாடல், சிமுலேட்டர், பாடம். தனியார் உரிமம், கருவிவழிப் பறத்தல், வணிக உரிமம் எனத் தேர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றிலும் வாய்மொழித் தேர்வு முதலில். அதில் தவறினால் அன்று வானேற இயலாது. மேகம் இறங்கிய வாரங்களில் பறப்பு நின்றுவிடும். கடனுக்கான வட்டி நிற்பதில்லை.

இப்படிப்பு முடியும்போது பதிவேட்டில் ஏறத்தாழ 250 மணி நேரமே இருக்கும். எஞ்சிய 1250ஐ ஈட்டப் பெரும்பாலோர் தேரும் வழி, பயிற்றுநர் சான்று பெற்று அடுத்த அணிக்குக் கற்பிப்பதாகும். கற்பிக்கும் ஒரு மணி நேரம் இரு பதிவேடுகளில் ஏறுகிறது: மாணவருக்குப் பெற்ற பயிற்சியாக, பயிற்றுநருக்கு விமானத்தின் பொறுப்பாளராகப் பறந்த நேரமாக. மாணவர் தரையிறங்கும் முறையைச் செம்மையாகக் கற்றாரா என்பது இரண்டாவது பதிவேட்டின் கூட்டுத்தொகையை மாற்றுவதில்லை. நேர்மையும் ஈடுபாடும் மிக்க பயிற்றுநர் பலர் உள்ளனர். அவர்களும் எண் நிறைந்தவுடன் விடைபெறுகின்றனர். பாடத்தின் நடுவே மாணவருக்குப் பயிற்றுநர் மாறுவது அதனால் அன்றாட நிகழ்வாகிவிட்டது. காஸ்போர்ட் தனித்தொழிலாக்கிய பணி இங்கு இடைவழித் தங்குமிடமாகியுள்ளது எனக் கருத இடமுண்டு.

அமெரிக்க விதிகளில் இதற்கு மாறான ஒரு கூறும் உண்டு. முதன்முறையாகப் பயிற்றுநர் சான்று பெற முயல்வோருக்குக் கற்பிப்பவர், பொதுவாக இரண்டு ஆண்டுகளேனும் பயிற்றுநராக இருந்து குறைந்தது 200 மணி நேரம் கற்பித்திருக்க வேண்டும். முதன்முறையாக வானேறும் மாணவருக்குக் கற்பிப்பவரிடம் அத்தகைய கற்பித்தல் அனுபவம் கேட்கப்படுவதில்லை.