சின்னக் கையின் ஒரு பிடி

காமராஜர் படித்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சம்பளம் கட்டவில்லை. இன்று விருதுநகர் எனப்படும் விருதுபட்டியில் நாடார் சமூகத்தார் 1880களில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அது. அந்தப் பள்ளி நடந்ததற்கு இரண்டு வரும்படிகளைச் சொல்வார்கள். ஒன்று, வணிகர்கள் தங்கள் கை வழியே போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று தாங்களே விதித்துக்கொண்ட மகமை. மற்றது, வீட்டுக்கு வீடு உலையில் அரிசி போடுமுன் எடுத்து வைத்த ஒரு பிடி. மகமை கடையில் பிறந்தது, பேரேட்டில் ஏறியது. பிடியரிசி அடுப்படியில் பிறந்தது; அதைக் கொடுத்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் இடுப்பிலும் முந்தானையிலும் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளும் உண்டு.

பிடியரிசியின் சூட்சுமம் எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. குதிரிலிருந்தோ மூட்டையிலிருந்தோ அள்ளித் தருவதில்லை அது. இன்றைக்கு இத்தனை வாய், இத்தனை உழக்கு என்று அளந்து முறத்தில் கொட்டி, கல் பொறுக்கி, களைவதற்கு முன் அந்த அளவிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறு கலயத்தில் போடுவார்கள். குறைந்த பிடிக்கு ஈடாகத் திரும்ப அள்ளிப் போடுவதில்லை. ஆக, அன்றைய சோற்றில் ஒரு பிடி குறையும். யாருக்கும் பசிக்காது, ஆனாலும் குறையும். உபரியைக் கொடுப்பதற்கும் தன் பங்கிலிருந்து கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த முறத்தில் முடிந்துவிடுகிறது.

கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். பெரியவர் கைப்பிடி ஏறக்குறைய 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வீட்டில் மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். 200 வீடு உள்ள ஒரு தெருக்கூட்டத்தில் அது 200 கிலோவைத் தாண்டும். விற்றால் ஓர் ஆசிரியருக்குச் சம்பளம், சமைத்தால் ஒரு திண்ணைப் பள்ளிக்கு மதியச் சோறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணம் கையில் புழங்காத வீடுகளிலும் அரிசி புழங்கியது. பள்ளி நடத்தப் புறப்பட்டவர்கள் பலரும் அடுப்படியின் கதவைத் தட்டியதற்கு இதுதான் காரணம்.

யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் 1848ல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர் அதை நடத்தப் பிடியரிசியை நாடினார். மிஷன் பள்ளிகளுக்குக் கடல் கடந்து பணம் வந்த காலத்தில் அவருக்குக் கிடைத்தது அக்கம்பக்கத்து அரிசி. அதே நூற்றாண்டில் கேரளத்தில், குட்டநாட்டுக் கைநகரியில் 1805ல் பிறந்த குரியாகோஸ் எலியாஸ் சாவறை என்ற பாதிரியார் 1864ல் தேவாலயந்தோறும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று பணித்தார். பசியோடு வரும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போட அவர் கண்ட வழியும் பிடியரிசிதான். திருநெல்வேலிச் சீமையின் கிறித்தவர்களுக்கும் இது பழகிய வழி. வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா 1903ல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானவர். 1912ல் தோர்ணக்கல்லின் பேராயரானார். அங்கே தெலுங்குக் கிராமங்களின் ஏழைப் பெண்களும் சமைக்குமுன் ஒரு பிடியைச் சபைக்காக ஒதுக்கினார்கள். சைவரும் கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையாரும் மேடையில் ஒருவரையொருவர் கண்டித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் வீட்டு அடுப்படிகள் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தன.

இவர்கள் எவருக்கும் குழந்தை வளர்ப்பு நோக்கமாக இருக்கவில்லை. பள்ளி ஓட வேண்டும், சபை நிலைக்க வேண்டும். அரிசியைப் போடுவது யார் கை என்று கேட்க அவர்களுக்கு அவசியம் நேரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் வினோபா பாவே.

வினோபா 1895ல் மராட்டியக் கொங்கணத்துக் காகோதே என்ற சிற்றூரில் பிறந்தவர். தம் தாய் ருக்மிணியைப் பற்றி அவர் பிற்காலத்தில் சொன்ன நினைவுகளில் ஒரு பலாமரம் வருகிறது. வீட்டு முற்றத்து மரம். முதல் காய் கண்ணில் பட்ட நாளிலிருந்து எப்போது தின்னலாம் என்று சிறுவன் அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருப்பான். பழுத்துக் கீழே இறக்கியதும் அம்மா சுளைகளைத் தொன்னைகளில் நிரப்புவார். பையன் நாக்கில் நீர் ஊற நிற்பான். தொன்னைகள் அவனுக்கு இல்லை. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொல்வார். எல்லாத் தொன்னையும் போய்ச் சேர்ந்த பிறகுதான் பக்கத்தில் உட்கார வைத்து அவனுக்குச் சுளை தருவார். முதலில் கொடுக்க வேண்டும், அப்புறம் தின்ன வேண்டும் என்பது அந்த வீட்டின் வரிசை. நிலம் கேட்டு நாடெங்கும் பதின்மூன்று ஆண்டுகள் கால்நடையாக அலைந்த மனிதரின் முதல் நடைப்பயணம் இந்தத் தொன்னைகளோடு நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அதே தாயின் இன்னொரு கதை அரிசியைப் பற்றியது. கடவுளுக்கு ஒரு லட்சம் அரிசி படைப்பதாக அவர் நேர்ந்துகொண்டார். தினமும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணுவார். பார்த்த கணவர், கணக்கில் ஆர்வமுள்ளவர், எளிய வழி சொன்னார்: ஒரு தோலா அரிசியை எண்ணிவிட்டால் போதும், லட்சத்துக்கு எத்தனை தோலா என்று நிறுத்துவிடலாம், குறை வராமலிருக்க அரைத் தோலா கூடப் போட்டுவிடலாம். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, மனமும் ஒப்பவில்லை. மகனிடம் கேட்டார். இது கணக்கு விவகாரமே இல்லை, ஒவ்வொரு மணிக்கும் மனம் கடவுளிடம் போகிறது, அதனால் எண்ணுவதுதான் சரி என்றான் மகன். அப்பாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அவர் அளந்தது அரிசியை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1950களின் கடைசிக்கு வரலாம். 1951ல் போச்சம்பள்ளியில், நிலம் கேட்டு நடக்கும் பூதானம் தொடங்கியாகிவிட்டது. 1956, 57ல் தமிழ்நாடு முழுக்க நடந்து முடித்து வினோபா கேரளத்துக்குள் போனார். 1957ல் அங்கே சாந்தி சேனையை அமைத்தார். கலவரம் வரும் இடத்தில் ஆயுதமின்றி நிற்கும் தொண்டர்களுக்கு யார் சோறு போடுவது? அரசிடம் கேட்கக் கூடாது, செல்வர்களை நம்பக் கூடாது. அப்போது பிறந்ததுதான் சர்வோதய பாத்திரம். வீட்டுக்கு ஒரு பானை. தினமும் அதில் ஒரு பிடி தானியம். இதுவரை பழைய பிடியரிசிதான். புதிய நிபந்தனை ஒன்றைச் சேர்த்தார் வினோபா: போடுவது வீட்டின் ஆகச் சிறிய குழந்தையின் கையாக இருக்க வேண்டும்.

தொண்டர்களுக்குச் சோறு தேடுகிறவர் பெரிய கையைத்தானே கேட்க வேண்டும்? சின்னக் கை அள்ளுவது பாதிகூட இராது. வினோபாவுக்கு அது தெரியாமலில்லை. பெரியவர் போட்டால் தானியம் கூடும், குழந்தை போட்டால் குழந்தைக்குப் பாடம் கிடைக்கும் என்பது அவர் வாதம். பானையில் போட்டாயா என்று கேட்டுவிட்டுத் தாய் சாப்பாடு பரிமாறுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். காகோதேயின் பலாப்பழ வரிசை அப்படியே திரும்பி வருகிறது. அந்தப் பிடியை அவர் ஓர் ஓட்டு என்றும் கருதினார். அமைதிக்கு இந்த வீடு சம்மதிக்கிறது, கலவரத்தில் சேராது என்பதற்கு அடையாளம். ஓட்டுரிமை இல்லாத வயதில் இருப்பவர் தினமும் போடும் ஓட்டு!

அழகான யோசனை. நிலைக்கவில்லை. தொடங்கிய வேகத்தில் பல ஊர்களில் பானைகள் வைக்கப்பட்டன; சில ஆண்டுகளில் பெரும்பாலான இடங்களில் நின்றுபோயின. வீடு வீடாகப் போய்த் தானியம் சேகரிக்க ஆள் போதவில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மைதான். ஆனால் விருதுபட்டிப் பெண்ணுக்குத் தன் அரிசி எங்கே போகிறது என்று தெரியும். பள்ளிக்கூட மணி அவள் வீட்டில் கேட்கும். அங்கே உட்கார்ந்திருப்பது அவள் மகனும் எதிர்வீட்டுப் பையனும். சாந்தி சேனைத் தொண்டர் எங்கோ இருப்பவர். நாலு வயதுக் குழந்தைக்கு அவர் முகம் தெரியாது. வினோபாவின் தாய் மகனிடம் தொன்னையைக் கொடுத்து எதிர்வீட்டு வாசலுக்கு அனுப்பினார். மகன் தன் திட்டத்தில் பானையை வைத்தார், வாசலை விட்டுவிட்டார்.

பழைய பிடியரிசிக்கும் குறை உண்டு, அதே இடத்தில். கண்ணுக்குத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கும் கை, பெரும்பாலும் தன் சாதிக்கும் தன் சபைக்கும் தன் கோயிலுக்கும்தான் கொடுத்தது. சேரியின் பிள்ளைக்குப் போன பிடி எத்தனை என்று கேட்டால் வரலாறு தலையைக் குனிந்துகொள்ளும். வினோபா அந்த வேலியைத் தாண்டப் பார்த்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வாசல்களின் பாடத்தைத் தமிழ்க் குழந்தைகள் வேறு வழிகளில் கற்றார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நெற்றியில் நாமமும் கையில் நாமம் இட்ட சொம்புமாகச் சிறுவர்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு தெருவில் வருவார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துவிடக் கூடாது. வேண்டுதல் உள்ள எந்த வீட்டுப் பிள்ளையும் போக வேண்டும். நாலு வாசலில் நின்று, சில வாசலில் காத்திருந்து, கிடைத்த அரிசியைக் கொண்டுவந்தால்தான் பெருமாளுக்குப் பொங்கல். கொடுக்கும் வீட்டுக் குழந்தை வருஷத்தில் ஒரு மாதம் கேட்கும் குழந்தையாக நிற்கிறது. கூச்சம் எப்படி இருக்கும் என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அது நன்றாகச் சொல்லித் தந்திருக்கும். கூட்டாஞ்சோறு இன்னும் எளிது. ஒருத்தி அரிசி, ஒருவன் பருப்பு, கத்தரிக்காய் கொண்டுவந்தவன், உப்பு மட்டும் கொண்டுவந்தவள் என எல்லாரும் சேர்ந்து மரத்தடியில் மூன்று கல் வைத்துப் பொங்கித் தின்பது. உப்பு கொண்டுவந்தவளுக்கும் ஒரே அளவு சோறுதான்.

காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் முன்வைத்த பிடியரிசித் திட்டம் வாசலை மறக்கவில்லை. தினமும் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும். காசு எதற்கு? விறகு, உப்பு, புளிக்கு. வீடுகளில் சேர்ந்ததை அந்தப் பகுதிக் கோயிலில் சமைத்து, நைவேத்தியம் செய்து, அங்கேயே ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். அரிசி தெருவைத் தாண்ட வேண்டியதில்லை. அடுப்பெரிக்கும் செலவைக்கூட யோசித்தவரின் திட்டம் என்பதால் சில ஊர்களில் நெடுநாள் ஓடியது.

1956ல் காமராஜர் அரசு பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியபோது ஊராரின் பங்கு அதில் பெரியது. பின்னர் ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்று வைத்து, 6 காசை அரசும் 4 காசை ஊரும் ஏற்பதாக ஏற்பாடானது. பல கிராமங்களில் அந்த ஊர்ப்பங்கு நெல்லாகவும் அரிசியாகவும் காய்கறியாகவும் வந்தது. அரசு முழுச் செலவையும் ஏற்றுக்கொண்ட பிறகு சோறு உறுதியாயிற்று. ஊர் கொடுத்தது நின்றது. பசித்த பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் இது நல்ல மாற்றம், அதில் சந்தேகமே இல்லை. தயவை நம்பிச் சாப்பிட வேண்டிய நிலை எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது. கொடுத்துப் பழகிய வீட்டின் பக்கம் ஒரு பழக்கம் போயிற்று, அவ்வளவுதான்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2012ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளிடம் சிறு பிஸ்கட்டுகளைக் கொடுத்து, ஒரு குரங்குப் பொம்மைக்குப் பங்கிடச் செய்தார்கள். குழந்தைகளின் முகத்தைப் படம்பிடித்துப் பார்த்தபோது, தாங்கள் வாங்கிக்கொண்ட நேரத்தைவிடக் கொடுத்த நேரத்தில் மகிழ்ச்சி கூடுதலாகத் தெரிந்தது. ஆய்வாளர் எடுத்துத் தந்த பிஸ்கட்டைக் கொடுத்தபோது இருந்ததைவிட, தன் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் கூடுதல். உலைக்கு அளந்த அரிசியிலிருந்துதான் பிடி எடுக்க வேண்டும் என்று வைத்த கிழவிகளுக்கு இந்த முடிவு வியப்பாக இருந்திருக்காது. அந்தப் பொம்மை குழந்தையின் எதிரிலேயே உட்கார்ந்து மெல்லுவதுபோல் நடித்தது என்பதும் கவனிக்க வேண்டியது.

தமிழ்நாட்டு வீடுகளில் உழக்கு போய் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கிண்ணம் வந்துவிட்டது. தெற்கே சில தேவாலயங்களின் பெண்கள் ஐக்கியங்களில் கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்னும் உண்டு. ஆனால் பழக்கம் முழு உயிரோடு இருக்கும் இடம் மிசோரம். அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910 வாக்கில் தொடங்கிய வழக்கம் அது. புஃபாய் தாம் என்கிறார்கள். வேளைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனிப் பாத்திரத்துக்குப் போகிறது. சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து சேகரித்துப் போகிறார்கள். அரிசியை விற்ற பணம் சபையின் பணிகளுக்குச் சேர்கிறது. மின்குக்கரும் கேஸ் அடுப்பும் அங்கேயும் வந்துவிட்டன. பாத்திரம் அடுப்படியிலேயே இருக்கிறது. வாங்க வரும் பெண் பெரும்பாலும் அதே தெருக்காரி. அந்த வீட்டுக் குழந்தைக்கு அவளை நன்றாகத் தெரியும்.