மசாலாப் பொட்டலமும் ஒரு சிறு கிருமியும்



2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18ஆம் நாள் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இந்தியாவிலிருந்து வந்த எவரெஸ்ட் மீன் கறி மசாலாவை விற்பனையிலிருந்து திரும்பப் பெறும்படி இறக்குமதியாளருக்கு உத்தரவு இட்டது. அதில் எத்திலீன் ஆக்ஸைடு என்னும் வேதிப்பொருள் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது என்பது காரணம். அதற்கு இரண்டு வாரங்களுக்குமுன், ஏப்ரல் 5ஆம் நாள், ஹாங்காங் அதிகாரிகள் அதே மசாலாவையும் எம்.டி.எச். நிறுவனத்தின் மூன்று பொடிகளையும் தடுத்திருந்தனர். அந்த மூன்றில் ஒன்று மெட்ராஸ் கறிப் பொடி, இன்னொன்று சாம்பார் மசாலா. தங்கள் பொருள்கள் பாதுகாப்பானவையே என்று இரு நிறுவனங்களும் கூறின.

சிராங்கூன் சாலைப் பக்கம் அந்த நாள்களில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான். சாப்பிடுகிற பொருளில் இந்த இரசாயனத்தை ஏன் சேர்த்தார்கள்? பேராசை என்று சிலர் சொன்னார்கள். கலப்படம் என்று சிலர் சொன்னார்கள். உண்மை சற்றுச் சுற்றி வளைந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் நாம் வேறொரு பெயரிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பெயர் சால்மொனெல்லா.

சால்மன் மீனுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் டேனியல் சால்மன் என்பவரின் பெயரால் வந்தது இது. 1885இல் நோயுற்ற பன்றிகளில் இக்கிருமியைக் கண்டவர் அவரிடம் பணிபுரிந்த தியோபால்டு ஸ்மித். கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் மேலதிகாரி. உலகத்து வழக்கம் அன்றும் அப்படித்தான்! 1888இல் ஜெர்மனியில் நோயுற்ற ஒரு மாட்டின் இறைச்சியைத் தின்று பலர் வயிற்றுப்போக்கால் துன்புற்றபோது, அந்த இறைச்சியிலும் இறந்துபோன ஒருவரின் உடலிலும் ஒரே கிருமி இருப்பதை கேர்ட்னர் என்ற அறிஞர் காட்டினார். உணவும் நோயும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பது அப்போது கண்கூடாயிற்று. நம் முன்னோரை வாட்டிய டைபாய்டு காய்ச்சலும் இந்தக் குடும்பத்துக் கிருமியால் வருவதே. சிங்கப்பூரில் உணவு விற்போர் நெடுங்காலம் டைபாய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருந்ததன் காரணம் இதுவே.

சரி, மாட்டிறைச்சியில் இருந்த கிருமி மிளகாய்ப் பொடிக்கு எப்படி வந்தது? மிளகையும் மிளகாயையும் மல்லியையும் நாம் எங்கே உலர்த்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். களத்தில், திறந்த வெளியில், வெயிலில். காக்கை பறக்கும், பல்லி ஓடும், எலி வரும். அவற்றின் எச்சத்தில் இக்கிருமி இருக்கக்கூடும். காய்ந்த பொருளில் அது பெருகுவதில்லை. ஆனால் சாவதும் இல்லை. மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தால் விழித்துக்கொள்ளும்.

என் பள்ளி பாலத்துக்கு அப்பால், ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. இந்தப் பாடத்தை நடத்தியபோது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், சாம்பார்தான் கொதிக்குதே, கிருமி செத்துடாதா?" என்று கேட்டான். சரியான கேள்வி. சாகத்தான் செய்யும். நன்றாகக் கொதித்த குழம்பில் சால்மொனெல்லா பிழைக்காது. நம் சமையல் முறையே நமக்குக் காவலாக இருந்து வந்திருக்கிறது. மிளகாயும் மல்லியும் வாங்கி, கழுவி, காயவைத்து, வறுத்து, கஃப் ரோட்டு மில்லில் கொடுத்து அரைத்த காலத்தில், வறுக்கும்போது ஒரு தடவையும் குழம்பு கொதிக்கும்போது ஒரு தடவையும் நெருப்பைக் கடந்துதான் மசாலா நம் நாக்குக்கு வந்தது.

ஆனால் மேல்நாட்டார் நம்மைப்போல் மசாலாவைக் கொதிக்க விடுவதில்லை. பொரித்து முடித்த பண்டத்தின்மேல் தூவுகிறார்கள். 1993இல் ஜெர்மனியில் உருளைக்கிழங்கு வறுவல்மேல் தூவிய மிளகாய்த் தூளால் ஏறக்குறைய ஆயிரம் பேர் நோயுற்றனர், பெரும்பாலோர் குழந்தைகள். 2009, 2010ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் சலாமி என்னும் இறைச்சியின்மேல் பூசிய மிளகினால் 272 பேர் நோயுற்றதாகக் கணக்கெடுத்தனர். அதன்பின் இறக்குமதி நாடுகள் மசாலா மூட்டைகளை ஒன்றுக்குப் பலமுறை சோதித்தன. 2019 செப்டம்பரில் அமெரிக்காவில் எம்.டி.எச். சாம்பார் மசாலாவில் சால்மொனெல்லா இருந்ததென்று அதைத் திரும்பப் பெற்றனர்.

மூட்டை திரும்பி வந்தால் வணிகனுக்கு நட்டம். கிருமியைக் கொல்ல என்ன வழி? நீராவி காட்டலாம், செலவு அதிகம், மணமும் சிறிது போகும். கதிர்வீச்சு காட்டலாம், வாங்குவோர் சிலர் அஞ்சுவர். எத்திலீன் ஆக்ஸைடு என்ற வாயு எளியது. மருத்துவமனைக் கருவிகளைத் தூய்மை செய்யவும் அதைத்தான் பயன்படுத்துகின்றனர். பொடியின் உள்ளே வரை புகுந்து கிருமியைக் கொல்லும். ஆனால் அதன் மிச்சம் உணவில் தங்கும். அது புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1994இல் வகைப்படுத்தியது. ஐரோப்பா அதை உணவில் அனுமதிப்பதில்லை. அமெரிக்கா மசாலாவில் ஒரு வரம்புவரை அனுமதிக்கிறது. சிங்கப்பூரும் மசாலாவைக் கிருமி நீக்க ஒரு வரம்புக்குள் அனுமதிக்கிறது. ஒரே மூட்டை ஒரு துறைமுகத்தில் சுத்தமான சரக்கு, இன்னொரு துறைமுகத்தில் குற்றப் பொருள்!

ஐரோப்பாவில் இது எள்ளில் முதலில் வெடித்தது. இந்திய எள்ளில் சால்மொனெல்லா அடிக்கடி அகப்பட்டு வந்தது. பின்னர் 2020 செப்டம்பரில் அந்த எள்ளில் எத்திலீன் ஆக்ஸைடு இருப்பதை பெல்ஜியம் அறிவித்தது. எள் தூவிய ரொட்டி முதல் பலவகைப் பண்டங்கள் ஆயிரக்கணக்கில் கடைகளிலிருந்து இறங்கின. ஒரு தீமையிலிருந்து தப்ப ஓடி இன்னொன்றில் விழுந்த கதை. நான்கு ஆண்டு கழித்து அதே கதை நம் தேக்கா வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தது. குறைந்த அளவில் உண்டவருக்கு உடனடி ஆபத்தில்லை, நெடுநாள் தொடர்ந்து உண்பதே கேடு என்று அதிகாரிகள் விளக்கினர். 2024 மே மாதத்தில் இந்திய நறுமணப் பொருள் வாரியம் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் செல்லும் சரக்குகளில் இவ்வாயுவுக்கான சோதனையைக் கட்டாயமாக்கியது.

இனி கிராஞ்சிக்கு வருவோம். கிராஞ்சியை ஒட்டிய லிம் சூ காங் பகுதியில்தான் சிங்கப்பூரின் முட்டைப் பண்ணைகள் இருக்கின்றன. நாட்டின் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முட்டை உள்ளூரில் கிடைக்கிறது. முட்டை ஓட்டின்மேல் ஒட்டிய அழுக்கால்தான் கிருமி வரும் என்று முன்பு நினைத்திருந்தனர். 1980களில்தான் சால்மொனெல்லா எண்டரைடிடிஸ் என்ற வகை கோழியின் சினைப்பையிலேயே குடியிருந்து, ஓடு உண்டாகுமுன்பே முட்டைக்குள் புகுவதை அறிந்தனர். வெளியே எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. 1988 டிசம்பரில் பிரிட்டனின் இளநிலை அமைச்சர் எட்வினா கரி, நாட்டு முட்டைகளில் பெரும்பாலானவற்றில் இக்கிருமி இருப்பதாகச் சொன்னார். முட்டை விற்பனை சரிந்தது. இரண்டு வாரத்தில் அவர் பதவி போயிற்று. அவர் மிகைப்படுத்திச் சொன்னார் என்பது மெய்தான். ஆனால் கிருமி இருந்ததும் மெய்தான். பின்னாளில் பிரிட்டிஷ் பண்ணைகள் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு நோயைப் பெரிதும் குறைத்தன.

2021 மார்ச்சில் மலேசியப் பண்ணை ஒன்றின் முட்டைகளில் இதே கிருமியைக் கண்டு, சிங்கப்பூர் அவற்றைத் திரும்பப் பெற்றது. முட்டை ஓட்டில் பண்ணைக் குறியீடு அச்சிட்டிருப்பது இதற்குத்தான். அந்தச் சின்னஞ்சிறு எழுத்து இல்லாவிட்டால் எந்த முட்டையை எடுப்பது, எதை விடுவது? காயா ரொட்டியோடு அரைவேக்காட்டு முட்டையை ருசிக்கும் ஊரில் இது சிறிய காரியமல்ல.

2018 நவம்பர் 6ஆம் நாள் ரிவர் வேலிப் பகுதி உணவகம் ஒன்று அனுப்பிய பென்டோ சாப்பாட்டை உண்டு 80க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். அங்கும் சால்மொனெல்லா. சமைத்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் ஒரு கிருமி இரண்டாகும், இரண்டு நான்காகும். ஏழெட்டு மணி நேரத்தில் அது இலட்சங்களைத் தாண்டும்.

கிராஞ்சியின் விடுதிகளில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் பலர் பகலில் உண்ணும் சாப்பாடு விடியுமுன்பே சமைத்துப் பொட்டலமாகக் கட்டியது. வேலையிடத்தில் வெயிலில் அது காத்துக் கிடக்கிறது. மசாலாவுக்காகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. இந்தப் பொட்டலத்தைப் பற்றி அவ்வளவு எழுதக் காணோம். வரவழைக்கும் சாப்பாட்டின்மேல் சமைத்த நேரத்தையும் எந்த நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பதையும் குறித்து ஒட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பது கணக்கு. காலை நான்கு மணிக்குக் கட்டிய சோற்றைப் பன்னிரண்டு மணிக்குப் பிரிப்பவர் இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தால், பொட்டலத்தில் அந்தச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.