எரோய்க்கா மிதிவண்டி ஓட்டம்

இக்கட்டுரை இத்தாலியில் நடைபெறும் மிதிவண்டி ஓட்டம் பற்றியது. பேத்தோவனின் மூன்றாம் சிம்பொனியும் இப்பெயராலேயே அழைக்கப்படுகிறது.

எரோய்க்கா என்பது இத்தாலியின் டஸ்கனிப் பிரதேசத்தில், சியெனா மாகாணத்தின் மலைப்பாங்கான நாட்டுப்புறத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் நடத்தப்படும் ஒரு மிதிவண்டி ஓட்டம் ஆகும். இத்தாலிய மொழியில் இச்சொல் "வீரம் செறிந்தது" எனப் பொருள்படும். 1997 ஆம் ஆண்டில் ஜான்கார்லோ புரோச்சி என்பவரால் இது தொடங்கப்பட்டது. பழங்கால மிதிவண்டிகளில் மட்டுமே இதில் பங்குபெற முடியும். இது பந்தயம் அன்று. முதலில் வந்தவர் என்று எவரும் அறிவிக்கப்படுவதில்லை. இந்த ஓட்டம் தோன்றியதற்கான காரணம் விளையாட்டு மட்டுமன்று. இப்பகுதியில் எஞ்சியிருந்த தார் பூசப்படாத சரளைப் பாதைகளைக் காப்பாற்றுவதும் இதன் முதன்மை நோக்கமாக இருந்தது.

வெண்பாதைகள்

இப்பாதைகள் இத்தாலியத்தில் "ஸ்த்ராதே பியாங்கே", அதாவது வெண்பாதைகள் எனப்படுகின்றன. உடைத்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பி இறுக்கி அமைக்கப்படுவதால் இவை வெண்மையாகத் தோன்றுகின்றன. சியெனா நகருக்கு வடக்கே உள்ள கியாந்தி மலைகளில் இவை திராட்சைத் தோட்டங்களுக்கும் ஓக் மரக் காடுகளுக்கும் இடையே செல்கின்றன. நகருக்குத் தென்கிழக்கே உள்ள கிரேத்தே செனேசி எனும் பகுதியில் நிலத்தோற்றம் முற்றிலும் வேறானது. அங்கே மண் சாம்பல் நிறக் களிமண். பிளியோசீன் காலத்தில் கடலடியில் படிந்தது. மழை இக்களிமண்ணை அரித்து மொட்டைக் குன்றுகளாகவும் கூரிய பள்ளங்களாகவும் செதுக்கியுள்ளது. பாதைகள் பெரும்பாலும் குன்றுகளின் முகட்டை ஒட்டியே செல்வதும், ஒரு முகட்டிலிருந்து அடுத்ததற்குச் செங்குத்தாக இறங்கி ஏறுவதும் இதனாலேயே. மலை உயரம் குறைவுதான். எனினும் ஏற்றங்களுக்கு முடிவில்லை.

இப்பாதைகள் மாட்டுவண்டிகளுக்காக அமைந்தவை. டஸ்கனியில் நீண்டகாலம் "மெத்சாத்ரியா" எனும் வார முறை நிலவியது. நிலவுடைமையாளரும் உழவரும் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் இம்முறையில், உழவர் குடும்பங்கள் ஊரில் கூடி வாழாமல் அவரவர் உழும் நிலத்தின் நடுவிலேயே வீடு கட்டி வாழ்ந்தன. ஆகவே ஒவ்வொரு குன்றின் மேலும் ஒரு பண்ணை வீடும், அதற்கு ஒரு பாதையும் தேவைப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உழவர்கள் தொழிற்சாலை வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். 1964 ஆம் ஆண்டுச் சட்டம் புதிய மெத்சாத்ரியா ஒப்பந்தங்களைத் தடை செய்தது. வீடுகள் வெறிச்சோடின, பாதைகள் மட்டும் எஞ்சின. பின்னர் போக்குவரத்து இருந்த பாதைகள் ஒவ்வொன்றாகத் தார்ச்சாலைகளாக மாற்றப்பட்டு வந்தன.

தார் போடுவதை எதிர்ப்பது எளிய நிலைப்பாடு அன்று என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சரளைப் பாதையோரத்தில் குடியிருப்பவருக்குக் கோடையில் வீட்டுக்குள் புழுதி, மழைக்காலத்தில் வாசலில் சேறு. ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் பாதையைச் சமன்படுத்திப் புதிய சரளை இட்டாக வேண்டும். வெண்பாதையின் அழகு, வந்து செல்பவருக்கே முதலில் தெரிகிறது. புரோச்சியின் முயற்சி இதற்கு ஒரு மறுமொழியாக அமைந்தது எனலாம். பாதையைத் தேடி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து தங்கி உண்டு செல்வார்களானால், அதைப் பேணுவதில் ஊராருக்கும் ஒரு நலன் உண்டு.

வழித்தடம்

1997 இல் நடந்த முதல் ஓட்டத்தில் கலந்துகொண்டவர்கள் 92 பேர். பிற்காலத்தில் இவ்வெண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. ஓட்டம் தொடங்குவதும் முடிவதும் காயோலே இன் கியாந்தி என்னும் சிற்றூரில் ஆகும். வெவ்வேறு நீளங்களில் பல வழித்தடங்கள் உள்ளன. மிக நீளமானது ஏறத்தாழ 209 கிலோமீட்டர். அதில் மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கும் அதிகம்.

நீண்ட வழித்தடத்தினர் விடியுமுன்னரே விளக்குகளுடன் புறப்படுவர். முதல் பெரிய ஏற்றம் புரோலியோ கோட்டைக்குச் செல்லும் சைப்ரசு மரச் சாலை. அன்றைய நாளில் இதன் இருபுறமும் தீபங்கள் ஏற்றி வைக்கப்படுகின்றன. இக்கோட்டை ரிக்காசோலி குடும்பத்தினருடையது. ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது பிரதமரும், கியாந்தி ஒயினின் கலவை விகிதத்தை வகுத்தவருமான பெத்தீனோ ரிக்காசோலி இங்கு வாழ்ந்தவர். அதன்பின் பாதை தெற்கே மொந்தால்சீனோ வரை சென்று, பின்னர் அஷானோ வழியாகக் களிமண் குன்றுகளைக் கடந்து மீண்டும் கியாந்தி மலைகளுக்குத் திரும்புகிறது. மோந்தே சாந்தே மரியே எனும் சரளைப் பகுதி மட்டுமே 11.5 கிலோமீட்டர் நீளமுடையது. இதுவே இவ்வழியின் மிகக் கடினமான பகுதியாகப் பலராலும் கருதப்படுகிறது.

வழியிலுள்ள நிறுத்தங்களில் பங்கேற்பாளரின் வழிச்சீட்டில் முத்திரை இடப்படும். இங்கு உணவாகத் தரப்படுவது நவீன ஓட்டங்களில் காணப்படும் சத்துமாவு உருண்டைகளோ இனிப்புக் கூழ்களோ அல்ல. அவரையும் கீரையும் பழைய ரொட்டியும் சேர்த்துக் காய்ச்சிய ரிபொல்லீத்தா, ஒயினில் நனைத்துச் சர்க்கரை தூவிய ரொட்டி போன்ற உழவர் உணவுகளே பரிமாறப்படுகின்றன.

மிதிவண்டி விதிகள்

1987 வரை தயாரிக்கப்பட்ட சாலை மிதிவண்டிகளே ஏற்கப்படும். பெரும்பாலானவை எஃகுச் சட்டம் கொண்டவை. பற்சக்கரம் மாற்றும் நெம்புகோல் கைப்பிடியில் அல்லாது சட்டத்தின் கீழ்க்குழாயில் இருத்தல் வேண்டும். பிரேக் கம்பிகள் கைப்பிடிக்கு மேலே வளைந்து வெளியே தெரிய வேண்டும். மிதிகட்டையில் காலைப் பிணைக்க உலோகக் கூடும் தோல்வாரும் பயன்படுத்த வேண்டும். எல்லைக்கோடு 1980களில் விழுந்தது தற்செயலன்று. காலணியைப் பூட்டிக்கொள்ளும் மிதிகட்டைகளுடன் பெர்னார்டு இனோ டூர் டி பிரான்சை வென்றது 1985 இல். பிரேக்கையும் பற்சக்கர மாற்றியையும் ஒரே பிடியில் இணைத்த சிமானோ கருவி வெளியானது 1990 இல்.

இவ்விதிகள் வெறும் அலங்காரம் எனத் தோன்றலாம். ஒரு சிறு கணக்கு வேறு விதமாகக் காட்டும். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்க. 15 விழுக்காடு சாய்வில் புவியீர்ப்பு பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 116 நியூட்டன். பழைய வண்டியில் முன்னே 42 பற்களும் பின்னே 26 பற்களும் இருக்குமானால், நிமிடத்துக்கு 50 சுற்று மிதிக்கும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இதற்குப் புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே சுமார் 330 வாட் திறன் வேண்டும். முன்னும் பின்னும் 34 பற்கள் கொண்ட இக்கால வண்டியில் அதே மிதிப்புக்கு 200 வாட் அளவே போதும். பொழுதுபோக்காக ஓட்டுபவர் 330 வாட்டைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்குவது அரிது. தார்ச்சாலையில் எழுந்து நின்று மிதித்துச் சமாளிக்கலாம். சரளையிலோ எழுந்தவுடன் பின்சக்கரத்தின் மீதுள்ள எடை குறைந்து சக்கரம் வழுக்கும். ஆகவே பலர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கின்றனர். இங்கு அது இழுக்காகக் கருதப்படுவதில்லை.

தொழில்முறைப் பந்தயம்

2007 அக்டோபரில் இதே பாதைகளில் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயம் ஒன்று தொடங்கப்பட்டது. உருசியாவின் அலெக்சாந்தர் கோலப்னியெவ் முதல் பந்தயத்தில் வென்றார். அடுத்த ஆண்டு இது மார்ச் மாதத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் ஸ்த்ராதே பியாங்கே என்ற பெயரைப் பெற்றது. முடிவிடம் சியெனாவின் புகழ்பெற்ற கம்போ சதுக்கம். அதற்குச் சற்று முன் சாந்தா கத்தெரீனா தெருவில் 16 விழுக்காடு ஏற்றம் உள்ளது. பெண்கள் பந்தயம் 2015 இல் தொடங்கியது. அமெரிக்காவின் மேகன் குவார்னியர் அதில் வென்றார். சுவிட்சர்லாந்தின் ஃபாபியன் கான்செல்லாரா 2008, 2012, 2016 ஆகிய ஆண்டுகளில் வென்றார். மேலே குறிப்பிட்ட மோந்தே சாந்தே மரியே பகுதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சுலோவீனியாவின் ததேய் பொகாச்சார் 2022, 2024 ஆண்டுகளில் வென்றபின், 2025 இல் வழியில் விழுந்து காயமுற்றும் மூன்றாம் முறையாக வென்றார்.

இப்பாதைகளை உலகம் பரவலாக அறிந்தது, 2010 ஆம் ஆண்டு ஜீரோ தித்தாலியா பந்தயத்தின் ஏழாவது கட்டத்தில் எனலாம். அன்று பெய்த மழையில் வெண்பாதை சேறாகி, வீரர்களின் சட்டை நிறங்களைக்கூட அடையாளம் காண முடியாத நிலை ஏற்பட்டது. அப்போதைய உலக வாகையரான ஆத்திரேலியாவின் கேடல் எவன்சு மொந்தால்சீனோவில் முதலாவதாக வந்தார்.

பரவல்

எரோய்க்காவின் பெயரில் சப்பானில் 2013 முதலும், இங்கிலாந்தில் 2014 முதலும், கலிபோர்னியாவில் 2015 முதலும் ஓட்டங்கள் நடத்தப்பட்டன. காயோலேயிலிருந்து புறப்படும் மூல வழித்தடம் வழிகாட்டிப் பலகைகளுடன் நிலையாகக் குறிக்கப்பட்டுள்ளது. எனவே ஓட்ட நாளில் அல்லாமலும், எவ்வகை மிதிவண்டியிலும், சில நாட்களாகப் பிரித்து இதில் பயணம் செய்யலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் தென்பகுதியின் களிமண் பாதைகளைத் தவிர்ப்பது நல்லது. அக்களிமண் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் இடையே அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடாது.