சலமான்கா அரங்கில் எழுந்த வினா

பல்கலைக்கழக அரங்குகளில் அரசியல் குறித்தும் அனைத்துலக உறவுகள் குறித்தும் சொற்பொழிவுகள் நிகழ்வது இன்று வழக்கமாகிவிட்டது. அறிஞர் பேசுவார், அவையோர் கேட்பர், கைதட்டலோடு கூட்டம் கலையும். இத்தகைய உரைகளால் உலகில் ஏதேனும் மாறியதுண்டா என்னும் ஐயம் நம்மில் பலருக்கு எழுவதுண்டு. அவ்வேளைகளில், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டுச் சலமான்கா பல்கலைக்கழகத்தில் ஒரு துறவி ஆற்றிய உரையை நாம் நினைத்துப் பார்ப்பது நலம்.

அவர் பெயர் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா. புனித சாமிநாதர் சபையைச் சேர்ந்தவர். 1526 முதல் அங்கே இறையியலின் தலைமைப் பேராசிரியராக விளங்கியவர். அப்பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அன்றாட வகுப்புகளோடு ஆண்டுக்கு ஒருமுறை பொது உரை ஒன்றும் நிகழ்த்த வேண்டும் என்பது விதி. 'மறுவாசிப்பு' எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் கொண்ட அவ்வுரையைக் கேட்க ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே கூடுவர். பாடத்தில் எழுந்த ஒரு சிக்கலை எடுத்து விரித்துரைப்பதே மரபு. வித்தோரியா தேர்ந்துகொண்ட சிக்கல்களோ அரசதிகாரம், திருச்சபையின் அதிகாரம், போர் என்பன.

அந்நாளில் கடல் கடந்து வந்த செய்திகள் அவரை வாட்டின. 1532இல் பெரு நாட்டில் பிசாரோவின் படையினர் இன்கா அரசர் அத்தகுவால்பாவைச் சிறைப்பிடித்தனர். அவரை விடுவிப்பதற்கென்று அறை நிறையப் பொன்னைப் பெற்றுக்கொண்ட பின்னும், 1533இல் அவரைக் கொன்றனர். அச்செய்திகள் தம்மை எவ்வளவு நடுங்கச் செய்தன என்பதை, 1534இல் தம் சபைத் துறவி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் வித்தோரியா மறைக்கவில்லை.

1539ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் அவ்வினாவை அரங்கிலேயே எழுப்பினார். அமெரிக்கப் பூர்வகுடிகள் எந்த உரிமையால் ஸ்பெயினின் ஆட்சிக்கு உட்பட்டனர்? அவர்கள் கிறிஸ்துவை அறியாதவர்கள், பாவிகள், அறிவு குன்றியவர்கள். ஆதலின் மண்ணுக்கு உரிமை அற்றவர்கள் என்பது பலர் கூற்று. அதனை அவர் மறுத்தார். நம்பிக்கையின்மையோ பாவமோ உடைமை உரிமையை அழிப்பதில்லை. ஸ்பானியர் வருமுன் அவர்களே அந்நிலத்தின் உண்மையான உரிமையாளர்கள் என்று நிறுவினார்.

அடுத்து அவர் தொட்டது அரியணையையே. பேரரசர் உலகனைத்துக்கும் தலைவர் அல்லர் என்றார். திருத்தந்தையும் உலகின் மீது அரசியல் அதிகாரம் உடையவர் அல்லர். ஆகவே தமக்கு உரிமையில்லாததைப் பிறர்க்கு வழங்கவும் அவரால் இயலாது என்றார். 1493இல் திருத்தந்தை ஆறாம் அலெக்சாந்தர் அளித்த ஆணையையே ஸ்பெயின் பெரும் பற்றுக்கோடாகக் கொண்டிருந்தது என்பதை நினைவிற்கொண்டால், இச்சொற்களின் துணிவு புலனாகும். கண்டுபிடித்தமையால் உரிமை உண்டாயிற்று என்ற வாதத்துக்கும் அவர் இடந்தரவில்லை. அம்மக்கள் கடல் கடந்து வந்து நம்மைக் கண்டிருந்தால் நம் நாடு அவர்களுடையதாகிவிடுமா என்பது அவர் வாதத்தின் சாரம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் போரின் நியாயம் குறித்து மற்றோர் உரையும் நிகழ்த்தினார்.

அரண்மனை வாளாவிருக்கவில்லை. 1539 நவம்பர் 10 அன்று பேரரசர் ஐந்தாம் சார்லஸ், சலமான்காவின் புனித முடியப்பர் மடத்துத் தலைவருக்கு ஓலை அனுப்பினார். இப்பொருள் பற்றித் துறவியர் பேசுவதை நிறுத்த வேண்டும். எழுதியவற்றைத் திரட்டி ஒப்படைக்க வேண்டும். அரச இசைவின்றி எதுவும் அச்சேறலாகாது என்பது ஆணை. ஒரு வகுப்பறை உரை பேரரசனை உறுத்தியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எனினும் வரலாற்றை நேர்மையுடன் நோக்கினால், மறுபக்கத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். அதே உரையின் இறுதிப் பகுதியில், ஸ்பானியர்க்கு நியாயமாகக் கூடிய காரணங்களையும் வித்தோரியா அடுக்கினார். பிற நாடுகளில் பயணம் செய்யவும் வணிகம் நடத்தவும் நற்செய்தி அறிவிக்கவும் எவர்க்கும் உரிமை உண்டு. வன்முறையால் அதனைத் தடுத்தால் போரும் நியாயமாகலாம் என்றார். முன்வாசலில் அடைத்த ஆக்கிரமிப்புக்குப் பின்வாசல் ஒன்று திறந்தே இருந்தது என்று பிற்கால அறிஞர் பலர் குறை கூறியதில் உண்மை உண்டு. ஆயுதம் ஏந்தி வருபவன் வணிகனா பகைவனா என்று, கரையில் நின்ற மக்களைக் கேட்பார் அந்த அரங்கில் இல்லை. வித்தோரியா அமெரிக்க மண்ணை மிதித்ததுமில்லை.

1546இல் அவர் மறைந்தார். தம் உரைகளை அவர் அச்சிடவில்லை. மாணவர் எடுத்த குறிப்புகளே அவற்றைக் காத்தன. 1557இல் பிரான்சின் லியோன் நகரில் அவை நூலாயின. 1550-51இல் வயதோலிதில் லாஸ் காசாஸும் செபுல்வேதாவும் இம்மக்களின் உரிமை பற்றி வாதிட்டபோது, நடுவர் குழுவில் வித்தோரியாவின் சபைத் தோழர் தொமிங்கோ தெ சோத்தோ அமர்ந்திருந்தார். பன்னாட்டுச் சட்டத்தின் முன்னோடிகளுள் ஒருவராக இன்று வித்தோரியா மதிக்கப்படுகிறார்.

அவ்வுரை படையெடுப்பைத் தடுத்துவிடவில்லை. ஆயினும், தன் அரசனிடமே 'எந்த உரிமையால்?' என வினவலாம் என்பதை ஒரு தலைமுறைக்குக் கற்பித்தது. நம் காலத்துக் கருத்தரங்குகளில் அமரும்போது நாம் இரண்டைத் தேடுவோம்: அந்த வினா அங்கே எழுகிறதா? யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ, அவர்களுக்கு அங்கே ஓர் இருக்கை உண்டா? முதலாவதைச் சலமான்கா செய்துகாட்டியது. இரண்டாவது, நம் கையில் விடப்பட்டிருக்கிறது.