கடவுள் வந்த பிறகும் நிற்காத கணக்கு

மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில், குடத்திலிருந்த எலும்பும் சாம்பலும் பூம்பாவை என்ற பெண்ணாக எழுந்த நிகழ்வு ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படுகிறது. பாம்பு தீண்டி இறந்த மகளின் சாம்பலைச் சிவநேசர் காத்து வைத்திருந்ததையும், சம்பந்தர் பதிகம் பாடி அவளை மீட்டதையும் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலேயே விரித்துச் சொல்லிவிட்டார். மாடவீதிக் கூட்டத்தில் ‘இது நடக்குமா?’ என்று யாரும் கேட்பதில்லை. மாய யதார்த்தம் வாசகரின் எந்த நினைப்பை அசைக்கிறது என்று தமிழில் ஆராய்பவர் இந்த வீதியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதிசயத்தை நம்ப மறுக்கும் வாசகரை மனத்தில் வைத்து உருவான விளக்கம் இங்கே அப்படியே பொருந்தாது.

‘மாய யதார்த்தம்’ என்ற சொல் 1925இல் ஜெர்மன் விமர்சகர் பிரான்ஸ் ரோ ஓவியத்தைப் பற்றி எழுதியபோது புழக்கத்துக்கு வந்தது. 1949இல் கியூப எழுத்தாளர் கார்ப்பெந்தியர் ‘அற்புத யதார்த்தம்’ லத்தீன் அமெரிக்க மண்ணிலேயே கிடக்கிறது என்றார். 1967இல் மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவல் வந்தது. அதில் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போது அழகி ரெமேதியோஸ் வானேறிவிடுகிறாள். வீட்டுக்காரி பெர்னாண்டாவோ போன விரிப்புகளைத் திருப்பித் தரும்படி கடவுளிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அற்புதத்தைவிட அந்த விரிப்புகளின் கணக்குதான் என் வாதத்துக்கு முக்கியம்.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ இதற்கு 24 ஆண்டுகள் முன்பே, 1943இல், கலைமகளில் வந்துவிட்டது. கலைமகள், மயிலாப்பூரின் மெட்ராஸ் லா ஜர்னல் அச்சகத்திலிருந்து 1932இல் தொடங்கிய இதழ்; அப்போதைய ஆசிரியர் கி.வா. ஜகந்நாதன், உ.வே. சாமிநாதையரின் மாணவர். அதன் வாசகருக்குச் சிவன் மண்ணுக்கு இறங்கி வருவது பழகிய சங்கதி. டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சுமா, பஸ்ஸில் போனால் அரைக் கப் காப்பி குடிக்கலாமா என்று பிராட்வே முனையில் காலணாக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் சித்த வைத்தியர் கந்தசாமிப் பிள்ளையிடம் அந்தச் சிவன் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். வந்தவர் யாரென்று தெரிந்த பிறகும் கணக்கு நிற்கவில்லை. காப்பியில் தம் லீலையைக் காணும் கடவுளுக்கு, அது ஹோட்டல்காரன் கலந்த சிக்கரி என்று விளக்கம் கிடைக்கிறது. பிள்ளை நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு அவரிடம் ஆயுள் சந்தாவும் கேட்கப்படுகிறது. கடவுள் வந்துவிட்டால் அந்த நிமிஷமே உலகம் வேறாகிவிடும் என்று பக்தி வாசகர் எடுத்துக்கொண்டதுதான் இங்கே ஆட்டம் காண்கிறது.

கடவுளும் தேவியும் பிழைப்புக்காக ஒரு புரவலர் முன் ஆடும் பகுதி இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 1936இல் அடையாற்றில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி நடராஜர் சிலையை ஆடும் மேடைக்கே கொண்டுவந்த காலம் அது. அந்த நகரத்தில் நடராஜரே ஆடிக் காட்டி, சாஸ்திரத்துக்கு ஒவ்வாது என்று தள்ளப்படுகிறார். சதிர் எது, பரதநாட்டியம் எது என்ற வாதங்களைக் கேட்டுப் பழகியிருந்த வாசகருக்கு, விசாரணையில் நிற்பது தம் ரசனைதான் என்று உறைத்திருக்க வேண்டும்.

பிட்டுக்கு மண் சுமந்த சிவனும் கூலியாள்தானே, இதில் என்ன புதிது என்று கேட்கலாம். பாதி நியாயம் உண்டு; கதையின் வேர் திருவிளையாடலில்தான் இருக்கிறது. ஆனால் பாண்டியனின் பிரம்படி எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்ததும் கூலியாள் மறைந்து கடவுள் வெளிப்பட்டுவிடுகிறார்; அவருக்குப் பிட்டு தந்த வந்தி சிவலோகம் சேர்கிறாள். பிள்ளையின் வீட்டில் யாரும் எங்கும் சேர்வதில்லை. இது வெறும் அங்கதம் என்பது இன்னும் கனமான மறுப்பு. அங்கதத்தில் கடவுள் ஒரு கருவி, வேலை முடிந்ததும் கரைந்துவிடுவார். இங்கே குழந்தை வள்ளி அவரோடு விளையாடுகிறாள். எட்ட நின்று வரம் தரலாமே தவிர மனிதரோடு கூட இருந்து வாழ இயலாது என்று அவர் ஒப்புக்கொள்ளும்போது அந்த இயலாமை நம்மைத் தொடுகிறது. அதே 1943இல் வந்த புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யில் பேயா பிரமையா என்று கடைசிவரை தத்தளிக்கிறோம், இந்தக் கதையில் அந்தத் தத்தளிப்புக்கே இடமில்லை. இரண்டு வழிகளும் வேறு வேறு என்று தெரிந்தே எழுதிய கை இது.

மார்க்கேஸின் தாக்கம் தமிழில் வெளிப்படையாகத் தெரிவது தமிழவனின் ‘ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்’ (1985) முதல்தான். இறக்குமதிச் சரக்கு என்ற குற்றச்சாட்டும் அதோடு வந்தது. அதை நான் ஏற்கவில்லை. தலைமுறைகளின் கதையைக் காலவரிசை உடைத்துச் சொல்ல அந்த நாவல் புதிய வழி திறந்தது. கோணங்கியின் ‘பாழி’யில் வாக்கியமே உருகி வேறாகிறது. ஆனாலும் அந்த அலையில் எழுதப்பட்ட பலவற்றில் அதிசயம் பெருகப் பெருகக் காலணா காணாமல் போயிற்று. எதுவும் நடக்கலாம் என்றாகிவிட்ட பக்கத்தில் வாசகர் இழப்பதற்கு ஒன்றுமில்லை. புதுமைப்பித்தனின் கதையில் கடவுள் மறைந்ததும் பிள்ளை கணக்கு நோட்டை எடுக்கிறார். கைலாசபுரத்து ஆசாமி ஒருவரிடமிருந்து சந்தா வரவு, ரூபாய் 25.