பதினாறு பள்ளிகளும் ஒரு பல்கலைக்கழகமும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருக்கிறவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாக வாசியுங்கள்.

பி.எட். படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். "சார், செயல் ஆராய்ச்சின்னு ஒரு ரெக்கார்டு எழுதணுமாம். சீனியர் அக்கா நோட்டைப் பார்த்து எழுதிடலாமா?" எழுதிவிடலாம். ஊர் உலகத்தில் அப்படித்தான் நடக்கிறது. பிரச்சினை, கருதுகோள், முன்தேர்வு, பின்தேர்வு, முடிவு என்று தலைப்புகள் போட்டு, ஒரு பட்டை வரைபடமும் ஒட்டினால் முடிந்தது. பின்தேர்வில் மதிப்பெண் குறைந்ததாக எழுதிய ஒரு ரெக்கார்டைக்கூட என் சர்வீசில் நான் பார்த்ததில்லை! ஆனால் இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அதை அவளுக்கு மட்டும் சொல்வதைவிட உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

செயல் ஆராய்ச்சி என்ற பெயரைப் பரவலாக்கியவர் கர்ட் லெவின். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன யூத உளவியலாளர். 1946-இல் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை புகழ் பெற்றது. அதற்கும் முன்பு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அவர் செய்த சோதனை ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். நல்ல கறிக்குத் தட்டுப்பாடு. இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைச் சமைக்கச் சொன்னால் அந்த ஊர்ப் பெண்கள் முகம் சுளித்தார்கள். (நம்ம சங்கரன்கோவிலில் ஈரலுக்கு அடிதடியே நடக்கும், அது வேறு.) சில குழுக்களுக்குச் சத்துணவைப் பற்றி நல்ல சொற்பொழிவு நடந்தது. வேறு சில குழுக்களில் பெண்களே உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 100-க்கு 3 பேர்தான் பிறகு சமைத்துப் பார்த்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 பேர். ஆசிரியர் பயிற்சி முகாம்களில் காலை முதல் மாலை வரை மைக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் ஸ்டீபன் கோரி. அவருடைய புத்தகம் 1953-இல் வந்தது. பிறகு இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் வகுப்பாசிரியரே ஆராய்ச்சியாளர் என்று சொன்னார். நம் நாட்டில் 1964-66 கோத்தாரி குழு, ஆசிரியர் பயிற்சி ஒரு பக்கம் பல்கலைக்கழகத்தை விட்டும், மறுபக்கம் பள்ளிக்கூடத்தை விட்டும் ஒதுங்கிக் கிடப்பதாகத் தன் அறிக்கையில் வெளிப்படையாகவே எழுதியது. அந்தக் கோத்தாரி டெல்லிப் பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர். அவர் அறிக்கை கொடுத்து ஆறேழு வருஷத்தில் அதே பல்கலைக்கழகத்து இயற்பியல்காரர்கள் கிராமத்துப் பள்ளிகளுக்குள் போய் உட்கார்ந்தார்கள். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஆற்றங்கரையில் ஹோஷங்காபாத் என்று ஒரு மாவட்டம். இப்போது நர்மதாபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து வேலையை விட்டுவிட்டு வந்த அனில் சத்கோபால் அங்கே கிஷோர் பாரதி என்ற அமைப்பை நடத்தினார். ரசூலியாவில் குவேக்கர்களின் ஊரக மையம் ஒன்று இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து மாநில அரசிடம் அனுமதி வாங்கி, 1972-இல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் சோதனை செய்து கற்பிக்கத் தொடங்கின. மறு வருஷம் டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் கிராமத்துக்கு வந்து தங்கி வேலை செய்யப் பல்கலைக்கழக மானியக் குழு வழி செய்து கொடுத்தது. ஐ.ஐ.டி.களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். பாடம் எழுதினார்கள். ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் மூன்று வாரம் உட்கார்ந்து, பிள்ளைகள் செய்யவேண்டிய ஒவ்வொரு சோதனையையும் தாங்களே செய்து பார்த்தார்கள். பள்ளி திறந்த பிறகு பேராசிரியர்கள் வகுப்பின் பின் வரிசையில் உட்கார்ந்து கவனித்தார்கள். மாதம் ஒருமுறை சுற்றுவட்டார ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடி, எது ஓடியது, எது படுத்துவிட்டது என்று சொன்னார்கள். படுத்துவிட்ட பாடத்தைத் திருத்தி எழுதினார்கள். 'பால் வைக்யானிக்' என்ற அந்தப் புத்தகம் இப்படித்தான் திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டது. ஆறாம் வகுப்பு வாத்தியார் "இது சரிப்படலை" என்று சொன்னதைக் கேட்டு இயற்பியல் பேராசிரியர் பேனாவைத் திறந்தார் என்றால், அதற்குப் பெயர்தான் செயல் ஆராய்ச்சி.

கருவிகளும் அப்படியே. பூவைப் பிரித்துப் பார்க்கக் கடையில் வாங்கும் ஊசிக்குப் பதில் கருவேல முள். அர்விந்த் குப்தா என்ற பொறியாளர் 1978-இல் டெல்கோ வேலையிலிருந்து ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு அங்கே வந்தார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் இணைத்து முக்கோணம், கனசதுரம் செய்யும் வித்தை அங்கே பிறந்தது. உங்களில் பலர் என் வகுப்பில் அதைச் செய்திருக்கிறீர்கள். வால்வு டியூப்புக்கு நான் சைக்கிள் கடையில் கொடுத்த காசுக்குக் கணக்கே கிடையாது.

தேர்வையும் அவர்கள் மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். செய்முறைக்கும் தனியாக மதிப்பெண் உண்டு. பிள்ளைகள் கேள்வி கேட்டுக் கடிதம் எழுதச் 'சவாலிராம்' என்று ஒரு கற்பனை மனிதரை வைத்தார்கள். கேள்விக்கு இந்தியில் சவால் என்று பெயர். வந்த கடிதங்களுக்குப் பதிலும் போனது. 1978-இல் மாவட்டத்தின் எல்லா அரசு நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. 1982-இல் இதைத் தொடர்ந்து நடத்த ஏகலவ்யா என்ற அமைப்பு உருவானது. டெல்லியில் விரிவுரையாளராக இருந்த வினோத் ரெய்னா அந்த வேலையை விட்டுவிட்டு இதில் வந்து சேர்ந்தார்.

இப்போது நம்ம பக்கம் வருகிறேன். 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டம்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வந்தது. நம் நெல்லைச் சீமைக்கு முனைஞ்சிப்பட்டியில். செயல் ஆராய்ச்சி அவற்றின் கடமைகளில் ஒன்று. பிறகு செயல்வழிக் கற்றல். 2003-இல் சென்னை மாநகராட்சியில் 13 பள்ளிகளில், ரிஷிவேலி முறையைப் பார்த்துவந்த ஆசிரியர்களே அட்டைகள் தயாரித்துத் தொடங்கினார்கள். எம்.பி.விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முன்னின்று செய்தது. அது அசலான வேலை. அந்த 13 பள்ளி ஆசிரியர்கள் செய்ததும் செயல் ஆராய்ச்சிதான். ஆனால் 2007-இல் மாநிலம் முழுக்க 37,000 பள்ளிகளுக்கும் மேல் ஒரே வீச்சில் போனது. ஹோஷங்காபாத்தில் 16 பள்ளியிலிருந்து ஒரு மாவட்டத்துக்குப் போகவே ஆறு வருஷம் ஆனது. இங்கே நாலு வருஷத்தில் ஒரு மாநிலம்.

மேலநீலிதநல்லூர் ஒன்றியத்துக்கு அந்த அட்டைகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிவாகி வந்தது. கற்றல் ஏணி, கம்பிப் பந்தல், கீழ்மட்டக் கரும்பலகை எல்லாம் நன்றாகவே இருந்தன. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து தானாக அட்டை எடுத்த அழகை நான் மறக்கமாட்டேன். ஆனால் நம் கரிசல்காட்டுப் பிள்ளைக்கு ஓர் அட்டை விளங்கவில்லை என்றால், அதை யாரிடம் சொல்லி எந்த அட்டையை மாற்றுவது? குறுவள மையக் கூட்டத்தில் சொன்னோம். கையெழுத்துப் போட்டோம். டீ குடித்தோம். அட்டை அப்படியே இருந்தது. அந்தக் கூட்டம் ஹோஷங்காபாத்தின் மாதக் கூட்டத்துக்குத் தம்பி மாதிரி. எதிரில் பேனாவைத் திறக்க ஆள் இல்லாததுதான் குறை.

ஹோஷங்காபாத் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். 2002-இல், 15 மாவட்டங்களில் ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தபோது, மாநில அரசு ஓர் உத்தரவில் அதை நிறுத்தியது. நாடெங்கும் விஞ்ஞானிகள் எழுதிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 30 வருஷம் பேராசிரியர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து வளர்த்தது. அதை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் இரண்டு பேரிடமும் இல்லை, வேண்டும் என்று சொல்லும் அதிகாரமும் இல்லை. என் கணிப்பில் அதன் பெரிய பலவீனம் அதுதான். பாடநூலும் தேர்வும் கடைசிவரை அரசின் கையில்தான் இருந்தன. திட்டம் நின்றாலும் பயன் முழுக்க வீணாகவில்லை. ஏகலவ்யா இன்றும் இருக்கிறது, பழைய புத்தகங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. இந்தி தெரிந்த மருமகப்பிள்ளைகள் யாராவது எனக்கு வாசித்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நம்ம ஊரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒன்றியம் முழுக்க அரசுப் பள்ளிகள் இருக்கின்றன, 16 என்ன, அதற்கு மேலேயே தேறும். உங்களில் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் உண்டு, ஒன்றியப் பள்ளியில் இருக்கிறவர்களும் உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சில் உட்கார முடியுமா என்று பேசிப் பார்த்துச் சொல்லுங்கள். நாலு பள்ளி போதும். டீச்செலவு என்னுடையது. கருவேல முள்ளுக்கு நம்ம பக்கம் பஞ்சமே இல்லை.