அஜந்தாவின் மேல் பூசிய அரக்கு

நீர்வண்ண ஓவியத்தின்மேல் மெழுகு பூசிக் காக்கலாமா? ஐதராபாத் வரலாற்றில் இக்கேள்விக்கு நெருங்கிய ஒரு பாடம் உண்டு.

அஜந்தா அன்று நிஜாம் ஆட்சிக்குட்பட்ட பகுதி. 1914இல் அமைந்த ஐதராபாத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்தவர் குலாம் யஸ்தானி. அவர் காலத்தில், 1920இல், செக்கோனி, ஒர்சினி என்னும் இத்தாலிய வல்லுநர் இருவர் அங்கு வரவழைக்கப்பட்டனர். சுவரிலிருந்து பெயர்ந்துகொண்டிருந்த சாந்தை ஒட்டி நிறுத்திய அவர்களது பணி பல ஓவியங்களைக் காத்தது. ஆனால் நிறங்களின்மேல் ஆல்கஹாலில் கரைத்த அரக்கையும் அவர்கள் பூசினர். அது காலப்போக்கில் மஞ்சளித்து, கறுத்து, புகையையும் தூசியையும் தன்னுள் பிடித்துக்கொண்டது.

அஜந்தாவின் நிறங்கள் உலர்ந்த சாந்தின்மேல் பசை கலந்து தீட்டப்பட்டவை. ஆதலின் நீரால் கழுவ இயலாது. முதிர்ந்த அரக்கோ கரைப்பானுக்கும் எளிதில் இளகாது. விடுதலைக்குப்பின் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் அதனை நீக்கப் பல்லாண்டுகள் உழைக்க நேர்ந்தது.

தமிழில் ‘மெழுகு’ பெயர்ச்சொல் மட்டுமன்று, வினையும் ஆகும். தரையை மெழுகுகிறோம், தேய்ந்தால் மீண்டும் மெழுகுகிறோம். ஓவியத்திற்கு அந்த மறுவாய்ப்பு இல்லை. பூசுமுன் கேட்க வேண்டியது ஒன்றே: இதனை நாளை நீக்க முடியுமா?